கேப்டன் டாம்: பட்டம் அவருக்கு, பெயர் யாருக்கு?

பிரிட்டனின் முன்னாள் படைவீரர் கேப்டன் டாம் மூர் என்று பேச்சை எடுத்தால் இன்று பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, அவர் மகள் வீட்டு வளாகத்தில் இடித்துத் தள்ளப்பட்ட ஒரு ஸ்பா கட்டடம். எனக்கு அது பொறுக்கவில்லை. நூறு வயதை எட்டிக்கொண்டிருந்த மனிதர் வாக்கரைத் தள்ளியபடி நடந்து 3 கோடியே 28 லட்சம் பவுண்டு திரட்டிக் கொடுத்தார். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 300 கோடி ரூபாய். அந்தப் பணம் மருத்துவமனைகளுக்காகப் போய்ச் சேர்ந்தது. அதற்காக அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. பிறகு அவர் பெயரில் வேறோர் அறக்கட்டளை பிறந்தது. கெட்டுப்போனது அதுதான். இரண்டும் ஒரே கதை என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டதால், பழியில் பெரும்பங்கு உயிரோடு இல்லாத அந்த முதியவர் மேல் விழுகிறது.

நன்கொடை திரட்டுகிறவர்களுக்கு ஒரு நாடு எப்படி மரியாதை செய்ய வேண்டும், செய்த பிறகு எதில் கண் வைத்திருக்க வேண்டும் என்று யோசிப்பவர்கள் இந்த நிகழ்வைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பட்டம் அவசரமாகக் கொடுக்கப்பட்டது, அது சரி. அறக்கட்டளை அவசரமாகத் தொடங்கப்பட்டது, அது தவறு. இந்த இரண்டு அவசரங்களையும் பிரித்துப் பார்க்காமல் கேப்டன் டாமைப் பற்றி நியாயமாகப் பேச முடியாது.

25 மீட்டர் பாதை

மூர் பிறந்தது 1920 ஏப்ரல் 30இல், யார்க்‌ஷைர் பகுதியின் கீத்லி என்ற ஆலை நகரத்தில். சிவில் பொறியியல் பயிற்சியில் இருந்தவரை 1940இல் படைக்கு அழைத்துக்கொண்டார்கள். கடல்வழியாக இந்தியாவுக்கு வந்தார். மோட்டார் சைக்கிளில் கெட்டிக்காரர் என்பதால் படையினருக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை அவரிடம் வந்தது. அதன்பின் பர்மாவின் அராக்கான் போர்முனை. போர் முடிந்து ஊர் திரும்பியவர் வேலை, குடும்பம் என்று எழுபது ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்தார். மனைவி இறந்தபின் மகள் குடும்பத்தோடு பெட்ஃபர்ட்‌ஷைரின் மார்ஸ்டன் மொரெட்டெய்ன் என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார். 2018இல் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தோல் புற்றுநோய்க்கும் மருத்துவம் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டையும் பார்த்தது பிரிட்டனின் பொது மருத்துவ அமைப்பான என்.ஹெச்.எஸ். அந்த நன்றிக்கடன்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

2020 ஏப்ரல் 6. நாடு ஊரடங்கில் இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் 25 மீட்டர் நீளப் பாதை. நூறாவது பிறந்தநாளுக்குள் நூறு நடை நடப்பது என்று முடிவானது. நாளுக்குப் பத்து. இலக்கு 1,000 பவுண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு நடையும் சேர்ந்தால் இரண்டரை கிலோமீட்டர். நல்ல காலுள்ள ஒருவர் அரை மணி நேரத்தில் நடந்துவிடும் தூரம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த நிகழ்வின் உயிர்நாடியே இந்தச் சிறுமையில்தான் இருக்கிறது. மலை ஏறியோ கடல் நீந்தியோ பணம் திரட்டுகிறவரைப் பார்த்து நாம் வியப்போம். இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்து, குனிந்த முதுகோடு, மார்பில் போர்ப் பதக்கங்கள் தொங்க, ஓரோர் அடியாக எடுத்து வைப்பவரைப் பார்க்கும்போது நம் வீட்டுத் தாத்தா நினைவுக்கு வருவார். அந்த ஏப்ரலில் பிரிட்டனின் முதியோர் இல்லங்களில் அவர் வயதுக்காரர்கள்தாம் நாள்தோறும் இறந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டுத் திரும்பினார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு முதியவர் நடக்கிறார், நாளை நல்ல நாளாக இருக்கும் என்று சொல்கிறார். தம் வீட்டுப் பெரியவருக்கு எதுவும் செய்ய முடியாமல் இருந்தவர்கள் அவர் பக்கத்தில் போய் நன்கொடை எழுதினார்கள்.

எழுதினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இணையத்தில் நிதி திரட்டும் ஜஸ்ட்கிவிங் தளத்தின் பக்கம் பார்ப்பதற்கு நம் மொய் நோட்டைப் போலவே இருக்கும்: பெயர், தொகை, ஒரு வரி வாழ்த்து. 15 லட்சம் பேருக்கு மேல் அதில் எழுதியிருந்தார்கள். மொத்தத் தொகையை இந்த எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இருபது பவுண்டு சொச்சம் வருகிறது. பெரும் செல்வர் யாரும் தூக்கிக் கொடுத்த பணம் இல்லை என்பதை அந்த வகுத்தலே சொல்கிறது.

நான்கு நாளில் ஆயிரம் பவுண்டு இலக்கு தாண்டியது. ஏப்ரல் 16ஆம் தேதி காலை, யார்க்‌ஷைர் படைப்பிரிவின் வீரர்கள் தோட்டப் பாதையின் இருபுறமும் இடைவெளி விட்டு அணிவகுத்து நிற்க, கடைசிச் சுற்றை முடித்தார். அப்போதே தொகை 1 கோடியே 20 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. பிறந்தநாள் முடிந்து கணக்கை மூடியபோது 3,27,96,475 பவுண்டு. நன்கொடையாளர் கட்டிய வருமான வரியில் ஒரு பங்கை அரசு அறப்பணிக்கே திருப்பித் தரும் ஏற்பாடு அங்கே உண்டு. அதையும் சேர்த்தால் 3 கோடியே 89 லட்சம்.

பணம் போனது என்.ஹெச்.எஸ். சாரிட்டீஸ் டுகெதர் என்ற கூட்டமைப்புக்கு. பிரிட்டனின் மருத்துவமனைகளோடு இணைந்த அறநிறுவனங்கள் பலவற்றுக்கு அது தலைமை அமைப்பு. வந்ததை அவற்றுக்குப் பகிர்ந்து கொடுத்தது. பாதுகாப்பு உடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் செவிலியர் உட்கார்ந்து அழவோ, தேநீர் குடிக்கவோ ஓர் ஓய்வறை. மனநல ஆலோசனை. உறவினரை உள்ளே விட முடியாத வார்டுகளில் நோயாளிகள் வீட்டாரின் முகம் பார்த்துப் பேச டேப்லெட் கருவிகள். இறுதி மூச்சுக்கு முன் மகனுடைய முகத்தைத் திரையிலாவது பார்த்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். கேப்டன் டாம் பற்றிய எந்த விவாதத்திலும் நான் முதலில் நினைத்துக்கொள்வது அந்தத் திரையைத்தான்.

பட்டம் வந்த வேகம்

பிரிட்டனில் ஒருவருக்கு அரசு மரியாதை கிடைக்க வழக்கமாக ஓர் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஆகும். யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். அமைச்சரவை அலுவலகம் விண்ணப்பத்தைப் பெற்று விசாரிக்கும். வரித்துறையிடம் கேட்டுச் சரிபார்ப்பதும் உண்டு. துறைவாரியான குழுக்கள் கூடி எடைபோடும். பிறகு பிரதமர், பிறகு அரசர். புத்தாண்டுக்கு ஒரு பட்டியல், அரசரின் அதிகாரபூர்வப் பிறந்தநாளுக்கு ஒரு பட்டியல். படிநிலைகளும் உண்டு. அடியில் பி.இ.எம். என்ற பதக்கம், அதற்கு மேல் எம்.பி.இ., ஓ.பி.இ., சி.பி.இ., அதற்கும் மேல் சர் பட்டம். இவற்றில் பெரும்பாலானவை அடங்கிய வரிசையை 1917இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்தினார். முதல் உலகப்போரில் ஊருக்கு உழைத்த சாதாரணக் குடிமக்களுக்கு மரியாதை செய்ய அதுவரை சரியான வழி இருக்கவில்லை.

மூர் விஷயத்தில் இந்த வரிசை எதையும் பார்க்கவில்லை. சர் பட்டம் கொடுக்கச் சொல்லி எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கோரிக்கை மனுவில் கையெழுத்திட்டார்கள். பிறந்தநாளன்று ராணுவம் அவரை ஹாரோகேட் நகரிலுள்ள படைப் பயிற்சிக் கல்லூரிக்குக் கௌரவக் கர்னல் ஆக்கியது. வீட்டுக்கு மேலே அவர் காலத்துப் போர்விமானங்கள் பறந்தன. ஒன்றரை லட்சம் வாழ்த்து அட்டைகள் வந்து குவிந்ததில், பேரன் படித்த பள்ளியின் பெரிய மண்டபத்தில் தரையெங்கும் வரிசையாக அடுக்கி வைத்தார்கள். புகழ்பெற்ற பாடகர் ஒருவரோடு சேர்ந்து அவர் குரல் கொடுத்த பாடல் பிரிட்டனின் இசைப்பட்டியலில் முதலிடம் பிடித்தது. மே 12ஆம் தேதி லண்டன் மாநகரம் காணொளி வழியாகக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. மே மூன்றாம் வாரம், பிரதமர் போரிஸ் ஜான்சனின் பரிந்துரையில் சர் பட்டம் அறிவிக்கப்பட்டது. நடை முடிந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

ஜூலை 17. வின்ட்சர் கோட்டையின் திறந்த முற்றம். தொற்று காரணமாக அரண்மனையின் பட்டமளிப்பு விழாக்கள் எல்லாம் ஒத்திவைக்கப்பட்டிருந்த நேரத்தில், இந்த ஒருவருக்காக மட்டும் விழா. பட்டம் பெறுகிறவர் மண்டியிட வேண்டும் என்பது மரபு. இவர் வாக்கரைப் பிடித்தபடி நின்றார். எதிரே 94 வயது அரசி, தந்தை ஆறாம் ஜார்ஜின் வாளைக் கையில் பிடித்து, ஒரு தோளையும் மறு தோளையும் தொட்டார். இருவர் வயதையும் கூட்டினால் 194. வாளை அரசி பலமாக இறக்காமல் இருக்க வேண்டுமே என்று முன்னதாகச் சொல்லிச் சிரித்திருந்தார் மூர்.

இந்த அவசரத்தைப் பலர் குறை சொன்னார்கள். உணர்ச்சிவேகத்தில் கொடுத்தது, அரசு தன் தோல்விகளை மறைக்கக் கொடுத்தது என்றார்கள். இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. செவிலியருக்குப் போதுமான பாதுகாப்பு உடை இல்லை என்ற கூக்குரல் எழுந்த மாதங்கள் அவை. வரிப்பணத்தில் நடக்க வேண்டிய மருத்துவ அமைப்புக்கு ஒரு முதியவர் தோட்டத்தில் நடந்து பணம் திரட்ட வேண்டியிருந்தது என்றால், வாளைத் தோளில் வைப்பதற்கு முன் ஆட்சியாளர்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆனாலும் அவசரம் சரி என்பேன். பிரிட்டிஷ் பட்டங்களுக்கு ஒரு விதி: உயிரோடு இருப்பவரைத்தான் பரிந்துரைக்க முடியும். இறந்தவருக்குக் கிடையாது. வழக்கமான ஒன்றரை ஆண்டு ஓடியிருந்தால் கோப்பு 2021 இறுதியில் கையெழுத்துக்கு வந்திருக்கும். மூர் 2021 பிப்ரவரி 2ஆம் தேதி, கோவிட் தொற்றும் நிமோனியாவும் சேர்ந்து, பெட்ஃபர்ட் மருத்துவமனையில் இறந்துவிட்டார். பட்டம் அவர் செய்து முடித்த ஒரு காரியத்துக்கானது. காரியம் கண்முன்னே இருந்தது, தொகை எண்ணப்பட்டுவிட்டது, போன இடம் தெரிந்தது. இனி அவர் என்ன செய்வார் என்று யாரும் ஊகிக்கத் தேவை இருக்கவில்லை. பின்னோக்கிப் பார்த்துக் கொடுக்கும் மரியாதையில் வேகம் ஆபத்தில்லை.

அதே ஆண்டின் வேறு இருவர்

கிழக்கு லண்டனில் தபிருல் இஸ்லாம் சௌத்ரி என்ற இன்னொரு நூறு வயதுக்காரர் இருந்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் சில்ஹெட் பகுதியில் பிறந்தவர். மூரைப் பார்த்துவிட்டு, தன் குடியிருப்பின் 80 மீட்டர் தோட்டத்தைச் சுற்ற ஆரம்பித்தார். அது ரமலான் மாதம். பகல் முழுக்கத் தண்ணீர்கூட இல்லாத நோன்போடு நடந்தார். நூறு சுற்று என்று தொடங்கியது 970இல் போய் நின்றது. நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. ஒரு பங்கு என்.ஹெச்.எஸ்.சுக்கும், மீதி பல நாடுகளில் நிவாரணப் பணி செய்யும் அமைப்புகளுக்கும் போனது. அதே வசந்தத்தில் ஸ்காட்லாந்தின் வடகோடியில் 90 வயதுப் பாட்டி ஒருவர் தன் வீட்டு மாடிப்படியை 282 முறை ஏறினார். பக்கத்து சுயில்வென் மலையின் உயரம் 731 மீட்டர், அதற்கு ஈடு. அவரும் நான்கு லட்சம் பவுண்டைத் தாண்டினார்.

2020 அக்டோபரில் பட்டியல் வந்தபோது சௌத்ரிக்கு ஓ.பி.இ., பாட்டிக்கு பி.இ.எம். ஏறக்குறைய ஒரே அளவு தொகை. படியில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. எதை வைத்து இந்த ஏற்றத்தாழ்வு என்று வெளியே இருப்பவர்களால் சொல்ல முடியாது. நன்கொடை திரட்டுவோருக்குத் தரும் மரியாதையில் என்னை உறுத்துவது இந்தப் படிகள்தாம். சௌத்ரி அந்த வயிறு காய்ந்த மாலை நேரங்களில் எடுத்து வைத்த அடிக்கும், பாட்டி கைப்பிடியைப் பற்றி ஏறிய படிக்கும் எந்த அளவுகோல் இருக்க முடியும்? தொகையை வைத்து அளந்தால் தொலைக்காட்சி கேமரா யார் வீட்டுக்கு வந்தது என்பதை அளப்பதாக ஆகிவிடும். ‘பிரிட்டிஷ் பேரரசு’ என்ற பெயரைத் தாங்கிய பட்டத்தை அந்தப் பேரரசின் குடிமகனாகச் சில்ஹெட்டில் பிறந்தவர் நூறாவது வயதில் பெற்றுக்கொண்டதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

இந்த இருவரிடமும் மூரின் கதையிலிருந்து வேறுபடும் ஒன்று உண்டு. அவர்கள் திரட்டியது ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த அமைப்புகளுக்குப் போனது. விஷயம் அங்கேயே முடிந்தது.

பெயர் கைமாறியது

மூரின் விஷயம் அங்கே முடியவில்லை. 2020 ஜூன் 5ஆம் தேதி ‘கேப்டன் டாம் அறக்கட்டளை’ பதிவு செய்யப்பட்டது. நடை முடிந்து ஏழு வாரம். தனிமையில் இருக்கும் முதியோர், துயரத்தில் இருப்போர், மனநலம் குன்றியோர் ஆகியோருக்கு உதவுவது நோக்கம். நோக்கத்தில் யாரும் குறை காண முடியாது. ஆனால் அந்த அமைப்பிடம் அனுபவம் இல்லை, பணி வரலாறு இல்லை. இருந்தது ஒரு பெயர் மட்டும். அந்தப் பெயரின் மேல் நாட்டின் முழு நம்பிக்கையும், சில வாரங்களில் அரசியின் வாளும் பட்டிருந்தது.

அந்தப் பெயரின் உரிமை யாரிடம் இருந்தது என்பதுதான் இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் நின்று பார்த்த இடம். மகள் ஹன்னா இங்ராம்-மூரும் மருமகன் காலினும் கிளப் நூக் என்ற குடும்ப நிறுவனத்தை 2020 ஏப்ரலிலேயே பதிவு செய்திருந்தார்கள். ‘கேப்டன் டாம்’ வணிகச் சின்னம் அந்த நிறுவனத்தின் வசம். ஆக, ஒரே பெயர் இரண்டு வாசலில் தொங்கியது. ஒரு வாசல் அறம், மறு வாசல் வியாபாரம். தெருவில் நடந்து வருகிறவருக்கு எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரியவில்லை.

மூரின் தன்வரலாறு உள்ளிட்ட மூன்று நூல்களுக்கான ஒப்பந்தம் இதற்கு நேரடிச் சான்று. முன்பணம் ஏறக்குறைய 14 லட்சத்து 70 ஆயிரம் பவுண்டு. நூலை வாங்கினால் அறக்கட்டளை தொடங்க அது உதவும் என்ற பொருளில் விளம்பரங்கள் வந்தன; நூலின் முன்னுரையிலும் அப்படி ஒரு வாசகம் இருந்தது. பணமோ குடும்ப நிறுவனத்துக்குப் போனது. முன்பணத்திலிருந்து அறக்கட்டளைக்கு எதுவும் வரவில்லை என்று பின்னர் விசாரணையில் தெரியவந்தது. நூல் வருவாய் தங்களுக்கே என்பதுதான் தந்தையின் விருப்பம் என்று மகள் 2023இல் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். ஒரு தந்தை தன் உழைப்பின் பலனைப் பிள்ளைக்குக் கொடுப்பதில் குற்றமில்லை. வாங்கியவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தாத்தாவின் நல்ல காரியத்தில் பங்கெடுக்கிறோம் என்று நினைத்துக் கடையில் நூலை எடுத்தவர் ஏமாற்றப்பட்டார்.

பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தது. முதல் ஆண்டில் அறக்கட்டளைக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. வேறு நான்கு அறநிறுவனங்களுக்குக் கொடுத்தது 1,60,000 பவுண்டு. குடும்பத்தின் நிறுவனங்களுக்குச் செலவுக் கணக்கில் போனது ஐம்பதாயிரத்துக்கு மேல். மருமகன் அறங்காவலராக இருந்தார். மகள் 2021 ஆகஸ்டிலிருந்து ஒன்பது மாதம், ஆண்டுக்கு 85,000 பவுண்டு வீதத்தில் இடைக்காலத் தலைமை நிர்வாகியாக இருந்தார். அந்தப் பதவியில் இருந்த காலத்தில், அறக்கட்டளையின் பெயரைத் தாங்கிய ஒரு விருதுக்கு நடுவராகப் போனதற்கு 18,000 பவுண்டு அவர் பெற்றார்; அறக்கட்டளைக்கு வந்தது 2,000.

ஸ்பா கட்டடத்தின் கதை எல்லோரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021இல் அறக்கட்டளையின் பெயரைச் சொல்லி, வீட்டு வளாகத்தில் ஒரு கட்டடத்துக்கு உள்ளாட்சி அனுமதி வாங்கப்பட்டது. கட்டியது அனுமதித்ததைவிடப் பெரியது. உள்ளே ஸ்பா குளம். மாற்றிய வரைபடத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது, மேல்முறையீடு 2023 நவம்பரில் தள்ளுபடியானது, 2024 தொடக்கத்தில் கட்டடம் இடிக்கப்பட்டது.

அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம் 2022 ஜூனில் சட்டப்படியான விசாரணையைத் தொடங்கியது. 2024 நவம்பர் 21ஆம் தேதி அறிக்கை வந்தது. பலமுறை தவறான நடத்தையும் நிர்வாகச் சீர்கேடும் நிகழ்ந்தன, குடும்பம் குறிப்பிடத்தக்க அளவில் பயனடைந்தது என்பது அதன் முடிவு. நூல் பணத்தில் ஒரு பங்கை அறக்கட்டளைக்குக் கொடுக்க வாய்ப்புத் தரப்பட்டும் குடும்பம் மறுத்துவிட்டது என்றும் அது பதிவு செய்தது. மகளுக்குப் பத்து ஆண்டும் மருமகனுக்கு எட்டு ஆண்டும் எந்த அறநிறுவனத்திலும் பொறுப்பு வகிக்கத் தடை விதிக்கப்பட்டது. தங்களை நியாயமற்ற முறையில் நடத்திவிட்டார்கள் என்பது குடும்பத்தின் பதில். அறிக்கையின் இன்னொரு வரி செய்திகளில் மங்கலாகத்தான் வந்தது: மூர் நடந்து திரட்டி என்.ஹெச்.எஸ். அமைப்புக்குக் கொடுத்த பணம் இந்த விசாரணையின் வட்டத்துக்குள் வரவே இல்லை. அதில் எந்தக் குறையும் யாரும் சொல்லவில்லை.

பட்டம் கேடயமாகும்போது

கேப்டன் டாமோடு சேர்த்துச் சொல்லவே கூசும் ஒரு பெயரை இங்கே சொல்லாமல் போக முடியாது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி சேவில். ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் முதுகுத்தண்டுப் பிரிவுக்காகப் பெருநிதி திரட்டியவர். 1972இல் ஓ.பி.இ. எண்பதுகளில் அவருக்குச் சர் பட்டம் கொடுக்கச் சொல்லிப் பிரதமர் தாட்சர் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். அதிகாரிகள் தயங்கித் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் 1990இல் கொடுத்துவிட்டார்கள். 2011இல் இறந்தார். மறு ஆண்டுதான் அவர் செய்த பாலியல் கொடுமைகள் பற்றிய உண்மை வெடித்தது. 2013 ஜனவரியில் வந்த காவல்துறை அறிக்கை அவர் மேல் 214 குற்றங்களைப் பதிவு செய்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகள் ஏராளம். நிதி திரட்டித் தந்த அதே மருத்துவமனைகளின் வார்டுகளில் அவர் கேட்பாரின்றி நடமாடியிருந்தார். புகார் சொல்ல வந்த சிறுமியின் எதிரே நின்றது நன்கொடையும் பட்டமும் சேர்ந்த ஒரு சுவர். பட்டத்தைப் பறிக்கச் சொன்னபோது, அது மரணத்தோடு முடிந்துவிட்டது, பறிக்க ஒன்றுமில்லை என்றார்கள்.

இரண்டு நிகழ்வுகளுக்கும் ஒப்பீடு கிடையாது. ஒன்று கொடுங்குற்றம், மற்றது ஒரு நல்ல மனிதரின் பெயரை அவரைச் சுற்றியிருந்தவர்கள் கையாண்ட விதம். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று. செய்து முடித்த காரியத்துக்குக் கொடுத்த மரியாதையை, இனி செய்யப்போவதற்கும் செல்லுபடியாகும் நம்பிக்கைச் சீட்டாக மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அதிகாரத்தில் இருந்தவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

மூரின் பெயரில் தொடர்ந்து நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. அதற்குப் புதிய அறக்கட்டளை தேவையே இல்லை. பிரிட்டனில் மாவட்டந்தோறும் சமூக அறக்கட்டளைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஒருவர் பெயரில் தனி நிதி வைக்கலாம். கணக்கு, தணிக்கை, அறங்காவலர் எல்லாம் அந்த அமைப்புடையது. குடும்பத்தினர் எந்தக் காரியத்துக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்லலாம்; பணப்பெட்டியின் சாவி அவர்களிடம் இருக்காது. சம்பளம் என்ற பேச்சும் எழாது. ஏழு வாரத்தில் தொடங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை.

தனி அறக்கட்டளைதான் வேண்டும் என்றால், பெயருக்கும் படத்துக்கும் உரிமை யாருடையது என்பதை முதல் பவுண்டு வாங்குவதற்கு முன் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நூல் விற்றால் எத்தனை பங்கு அறத்துக்கு, எத்தனை வீட்டுக்கு என்று அட்டையிலேயே அச்சிட வேண்டும். குடும்பத்துக்கு முழுதும் என்றாலும் பரவாயில்லை. அதையும் அச்சிட்டுவிட வேண்டும். தெரிந்து வாங்கியவருக்குப் பிறகு மனக்குறை இருக்காது.

பட்டம் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நன்கொடை திரட்டியதற்காக ஒருவரைச் சிறப்பிக்கும்போது, எந்தக் காரியத்துக்காக, எந்த அமைப்புக்குப் போன பணத்துக்காக என்பதைச் சான்றிதழில் தெளிவாக எழுதலாம். அவர் பெயரில் பின்னர் தொடங்கப்படும் எதற்கும் இந்த மரியாதை சிபாரிசு ஆகாது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கும். ஆணையமும், திடீர்ப் புகழ் பெற்ற ஒருவர் பெயரில் பதிவுக்கு வரும் விண்ணப்பத்தை முதல் இரண்டு ஆண்டுகள் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இங்கே விசாரணை தொடங்குவதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிட்டது. அதற்குள் பெரியவரும் இல்லை, அவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவும் வழியில்லை.

கடைசியாக ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றவர்களே செய்த கொடுமையால் இரண்டு கால்களையும் இழந்தவன்; தத்தெடுத்த குடும்பத்தில் வளர்ந்துவந்தான். 2020இல் அவனுக்கு ஐந்து வயது. தொலைக்காட்சியில் மூர் வாக்கரோடு நடப்பதைப் பார்த்துவிட்டு, நானும் இப்படி நடப்பேன் என்றான். அப்போதுதான் செயற்கைக் கால் போட்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். தன்னைக் காப்பாற்றிய லண்டன் குழந்தைகள் மருத்துவமனைக்காக, ஊன்றுகோல்களோடு ஜூன் மாதம் முழுதும் நடந்து 10 கிலோமீட்டரை முடித்தான். மூர் நடந்ததைப் போல நான்கு மடங்கு. 500 பவுண்டு கிடைத்தால் போதும் என்று தொடங்கினார்கள். பத்து லட்சத்தைத் தாண்டியது. 2024 புத்தாண்டுப் பட்டியலில் அவனுக்கு பி.இ.எம். கிடைத்தபோது வயது ஒன்பது. அந்தப் பட்டியல்களில் அதற்கு முன் அத்தனை சிறிய வயதில் யாரும் இடம்பெற்றதில்லை.

மூர் அப்போது உயிரோடு இல்லை. அவர் பெயர் தாங்கிய கட்டடத்தை இடிப்பதற்கான நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.